ஹாலோவீன்: மறுப்பது எதை, அஞ்சுவது எதற்கு?

அக்டோபர் மாதக் கடைசி வாரம் வந்தாலே ஹாலோவீன் பற்றி இரண்டு விதமான எச்சரிக்கைகள் காதில் விழும். ஒன்று தேவாலயத்திலிருந்தோ பள்ளிவாசலிலிருந்தோ வரும்: "இது இருளின் திருவிழா, விலகி நில்லுங்கள்." இன்னொன்று காவல்துறையிடமிருந்தும் பெற்றோர் குழுக்களிடமிருந்தும் வரும்: "மிட்டாயைப் பிரித்துப் பார்க்காமல் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்." இரண்டும் ஒரே வாரத்தில் வருவதால், கேட்பவர் மனதில் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. பேய்ப் பண்டிகை, அதனால் ஆபத்தான பண்டிகை என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள்.

இவை தனித்தனிக் கேள்விகள். ஒரு நாளைக் கொண்டாடலாமா கூடாதா என்பது நம்பிக்கை சார்ந்தது. எந்தப் புள்ளிவிவரமும் அதைத் தீர்க்காது. அந்த நாளில் குழந்தைகளுக்கு என்ன ஆபத்து என்பதோ எண்ணிப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம். இரண்டையும் கலந்தால் மதக் காரணம் தன் கௌரவத்தை இழக்கிறது. பாதுகாப்பு விஷயத்திலோ கண் தவறான இடத்துக்குப் போய்விடுகிறது. இந்த இரண்டாவது இழப்புக்கு உயிர்களை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயரும் நாளும்

'ஹாலோ' என்பது புனிதர் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். 'ஈன்' என்பது மாலையைக் குறிக்கும் 'ஈவன்' என்ற பழைய சொல்லின் தேய்ந்த வடிவம், முன்மாலை. நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் பெருவிழா. அதற்கு முந்தின மாலை ஹாலோவீன். கிறிஸ்துமஸுக்கு முன்தினம் எப்படியோ அப்படி. நவம்பர் 2 இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைக்கும் நாள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதைக் கல்லறைத் திருநாள் என்று கொண்டாடுகிறார்கள். அன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவது நம் ஊரில் பலர் பார்த்திருக்கும் காட்சி. ஹாலோவீன் அந்த நாளின் நெருங்கிய உறவு என்பதைப் பெரும்பாலோர் கவனித்திருக்க மாட்டார்கள்.

அனைத்துப் புனிதர்கள் நாள் ஆரம்பத்தில் நவம்பரில் இல்லை. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போப் நான்காம் போனிஃபேஸ் ரோமின் பாந்தியன் கோயிலை மறைசாட்சிகள் அனைவருக்குமான தேவாலயமாக அர்ப்பணித்தது மே 13ஆம் தேதி. ரோமில் தொடக்கத்தில் நினைவு நாள் அதுதான். 9ஆம் நூற்றாண்டில், போப் நான்காம் கிரகோரியின் காலத்தில்தான், நவம்பர் 1 மேற்கு ஐரோப்பாவெங்கும் நிலைபெற்றது. நவம்பர் 2, பிரான்சின் க்ளூனி மடத்துத் தலைவர் ஒடிலோ 1000ஆம் ஆண்டையொட்டி ஏற்படுத்தியது.

அதே நாட்களில் அயர்லாந்தில் 'சௌவின்' என்ற பழைய பருவ விழா இருந்தது. கோடை முடிந்து குளிர் தொடங்கும் நேரம். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் ஊர் திரும்பும். அந்த இரவில் மறு உலகத்துக்கும் இந்த உலகத்துக்கும் இடையிலான கதவு திறந்திருக்கும் என்பது நம்பிக்கை.

"மரணக் கடவுளின் விழா" என்ற கதை

மதக் காரணத்துக்காக ஹாலோவீனை மறுக்கும் பல துண்டுப் பிரசுரங்களில் ஒரு செய்தி தவறாமல் இருக்கும்: 'சௌவின்' என்பது பழைய அயர்லாந்தில் வாழ்ந்த கெல்ட் இனத்தவர் வணங்கிய மரணக் கடவுளின் பெயர், அவனுக்கு அன்றிரவு பலி கொடுத்தார்கள், திருச்சபை அதைப் பெயர் மாற்றித் தனதாக்கிக்கொண்டது.

அப்படி ஒரு கடவுள் இருந்ததற்குச் சான்றே இல்லை. 'சௌவின்' பருவத்தின் பெயர், அவ்வளவுதான். அதைக் கடவுளாக்கியவர் 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் பணிபுரிந்த பிரிட்டிஷ் ராணுவ அளவையாளர் சார்லஸ் வாலன்சி. ஐரிஷ் மொழியைப் பற்றித் துணிச்சலான, ஆதாரமற்ற ஊகங்களை எழுதியவர். அவர் பிழை இருநூறு ஆண்டுகளாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

"திருச்சபை தனதாக்கியது" என்ற பகுதியும் தோன்றுகிற அளவு உறுதியானதல்ல. பழைய ஐரிஷ் திருச்சபை அனைத்துப் புனிதர்களைக் கொண்டாடியது ஏப்ரல் 20இல். நவம்பர் 1 என்ற தேதி முதலில் வேரூன்றியது இங்கிலாந்திலும் ஜெர்மானிய நிலங்களிலும். கெல்டியர் விழாவை விழுங்குவதற்காகத் தேதி மாற்றப்பட்டிருந்தால் அயர்லாந்தில்தானே முதலில் மாறியிருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை வலுவாக முன்வைத்தவர் வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன். பழைய நம்பிக்கைகளும் கிறிஸ்தவ நினைவு நாட்களும் பின்னால் ஒன்றோடொன்று கலந்தன என்று மட்டும்தான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

இன்றைய வடிவம் இன்னும் புதிது. வீடு வீடாகப் போய் இறந்தவர்களுக்காக ஜெபித்து 'ஆத்துமப் பணியாரம்' வாங்கும் வழக்கம் இடைக்கால இங்கிலாந்தில் இருந்தது. 1840களின் பஞ்சத்தில் அமெரிக்கா போன ஐரிஷ் மக்கள் தங்கள் வழக்கங்களையும் கொண்டுபோனார்கள். டர்னிப் கிழங்கில் குடைந்த விளக்கு அங்கே பூசணிக்கு மாறியது. வேடமிட்ட பிள்ளைகள் வாசலில் நின்று "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று கேட்பது, அதாவது மிட்டாய் கொடு, இல்லாவிட்டால் குறும்பு செய்வேன் என்பது, 1920கள், 30களில் பரவியது. இரண்டாம் உலகப் போரின் சர்க்கரைப் பங்கீட்டில் அடங்கி, 1950களில் அமெரிக்கா முழுக்க வேர்விட்டது.

மறுப்பவர்கள் உண்மையில் சொல்வது என்ன?

மத மறுப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே பல குரல்கள் இருக்கின்றன.

1. சூனியத் தடை. பைபிளில் உபாகமம் 18ஆம் அதிகாரம் குறிசொல்வதையும், சூனியத்தையும், செத்தவர்களிடம் குறிகேட்பதையும் விலக்குகிறது. சூனியக்காரி வேடத்தை விளையாட்டாகப் போடுவதும் தடுக்கப்பட்டதை அழகாக்குவதே என்பது பல சுவிசேஷ சபைகளின் வாதம். இந்த வாதத்துக்கு வாலன்சியின் கற்பனைக் கடவுள் தேவையே இல்லை.

2. மூலத் தூய்மை. யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்துமஸையும் கொண்டாடுவதில்லை. பிற மத மூலமுள்ளதாக அவர்கள் கருதும் விழாக்கள் எதையும் ஏற்பதில்லை. அந்த வரிசையில் ஹாலோவீனும் ஒன்று. 16, 17ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) மரபினர் வேறு காரணத்துக்காக மறுத்தார்கள். இறந்தவர்களுக்காக ஜெபிப்பதும் புனிதர் வணக்கமும் கத்தோலிக்கப் பழக்கங்கள் என்பதே அவர்கள் குறை. ஒரே நாளை ஒருவர் "மிகவும் கத்தோலிக்கம்" என்றும், இன்னொருவர் "கிறிஸ்தவமே இல்லை" என்றும் ஒதுக்கியிருக்கிறார்கள். அக்டோபர் 31 லுத்தரன் சபைகளுக்குச் சீர்திருத்த நாளும்கூட; மார்ட்டின் லூத்தர் 95 கருத்துரைகளை வெளியிட்டது 1517இல் அதே தேதியில்.

3. இடம் பறிபோன வருத்தம். கத்தோலிக்கத் தரப்பில் கேட்கும் குரல் பெரும்பாலும் இது. புனிதர்களின் நாள் மறந்து பிசாசு முகமூடி மட்டும் மிஞ்சுகிறது என்ற வேதனை. 2002இல் பாரிஸில் தொடங்கிய 'ஹோலிவின்ஸ்' இயக்கம் பிள்ளைகளைப் புனிதர்களாக வேடமிடச் சொல்கிறது. பிலிப்பைன்ஸிலும் அப்படிப் புனிதர் ஊர்வலங்கள் நடக்கின்றன.

4. பிறர் வழிபாட்டைப் பின்பற்றாமை. மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 2014இல் முஸ்லிம்கள் ஹாலோவீன் கொண்டாடக் கூடாது என்றது. ஆனால் எல்லா முஸ்லிம் நாடுகளும் ஒரே கோட்டில் இல்லை. 2022 அக்டோபர் இறுதியில் சவுதியின் ரியாத் நகரில், பயமுறுத்தும் வேடமிட்டு வருபவர்களுக்கு இலவச அனுமதியோடு அரசு ஆதரவு விழாவே நடந்தது.

இவற்றில் எதையும் ஒரு குடும்பம் ஏற்கலாம், மறுக்கலாம். டொராண்டோவிலோ லண்டனிலோ வாழும் தமிழ்ப் பெற்றோர் "எங்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லை" என்று சொல்ல முழு உரிமை உண்டு. அதற்குப் பொய்யான வரலாறும் வேண்டாம், விஷ மிட்டாய்க் கதையும் வேண்டாம். நம்பிக்கை தன் காலில் நிற்கக்கூடியதுதான்.

விஷ மிட்டாய்: எண்ணிப் பார்த்தவர்

முகம் தெரியாத யாரோ ஒருவர், காரணமே இல்லாமல், வாசலுக்கு வரும் குழந்தைக்கு ஆப்பிளுக்குள் பிளேடு வைத்துக் கொடுக்கிறார். அமெரிக்காவில் மூன்று தலைமுறைகள் இந்தப் பயத்தோடு வளர்ந்திருக்கின்றன.

சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், ஜெரால்ட் ஹோரியுச்சியோடு சேர்ந்து 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1958 முதல் 1984 வரை நாளிதழ்களில் வந்த சம்பவங்களைத் தேடி எடுத்தார்கள். 76 கிடைத்தன. ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தபோது பெரும்பாலானவை புரளி. கவனத்துக்காகப் பிள்ளைகளே ஊசியைச் செருகிவிட்டுக் காட்டியவையும் உண்டு. அந்நியர் கொடுத்த ஹாலோவீன் தின்பண்டத்தால் ஒரு குழந்தை இறந்ததாகவோ பெருங்காயம் அடைந்ததாகவோ உறுதியான ஒரு சம்பவம்கூட இல்லை. பெஸ்ட் பிற்காலத்திலும் ஆண்டுதோறும் தேடிவந்தார். முடிவு மாறவில்லை.

அப்படியானால் இறந்த குழந்தைகள்? இரண்டு மரணங்கள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன.

1970இல் டெட்ராய்ட்டில் 5 வயதுச் சிறுவன் ஹெராயின் உட்கொண்டு இறந்தான். மிட்டாயில் இருந்தது என்று செய்தி பரவியது. உறவினர் வீட்டில் வைத்திருந்த ஹெராயின் சிறுவன் கைக்கு எட்டியிருக்கிறது என்பது பிறகு தெரிந்தது.

1974இல் டெக்சாஸில் நடந்தது இன்னும் கொடியது. ஒரு தந்தை, காப்பீட்டுப் பணத்துக்காக, தன் 8 வயது மகனுக்குச் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடி கொடுத்தார். மகளுக்கும் வேறு பிள்ளைகளுக்கும் அதேபோல் கொடுத்திருந்தார். பார்ப்பவர்கள் யாரோ ஒரு பைத்தியக்காரன் வேலை என்று எண்ண வேண்டும் என்பது திட்டம். மற்றக் குழந்தைகள் சாப்பிடாததால் தப்பினார்கள். 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அந்நியர் விஷம் வைப்பார் என்று ஊரே நம்பியதுதான் அவருக்குக் கிடைத்த மறைவிடம்.

பிறகு 1982. செப்டம்பர் இறுதியில் சிகாகோ பகுதியில், டைலனால் மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்து வைத்ததில் 7 பேர் இறந்தார்கள். அந்நியர் விஷம் வைப்பது இந்த முறை உண்மையிலேயே நடந்தது. ஆனால் கடை அலமாரியில், ஹாலோவீன் வாசலில் அல்ல. ஒரு மாதத்தில் ஹாலோவீன் வந்தபோது பயம் உச்சத்தில் இருந்தது. மருத்துவமனைகள் மிட்டாய்ப் பைகளை எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தன. எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும், விஷம் தெரியாது. இது தெரிந்திருந்தும் பெற்றோர் வரிசையில் நின்றார்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்புதான் காரணம்.

இதே 1980களில்தான் அமெரிக்காவில் 'சாத்தான் பீதி' பரவியது. இரகசியக் குழுக்கள் குழந்தைகளைப் பலி கொடுக்கின்றன என்று தொலைக்காட்சி முதல் நீதிமன்றம் வரை பேச்சு. கலிஃபோர்னியாவில் ஒரு மழலையர் பள்ளி மீதான வழக்கு 1983இல் தொடங்கி 1990 வரை நடந்து, ஒரு தண்டனைகூட இல்லாமல் முடிந்தது. எஃப்பிஐ அதிகாரி கென்னத் லானிங் 1992இல் எழுதிய அறிக்கை, அமைப்பாக நடக்கும் சாத்தானியக் கொலைகளுக்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. மத மறுப்பும் பாதுகாப்புப் பயமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது இந்தப் பத்தாண்டில்தான் என்பது என் கணிப்பு.

வடிவம் மாறினாலும் கதை தொடர்கிறது. 2022இல் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமை ஃபென்டனில் என்ற போதைப்பொருளின் வண்ண மாத்திரைகள் பற்றி எச்சரித்ததும், அவை மிட்டாய்ப் பையில் வரும் என்ற பேச்சு பரவியது. ஹாலோவீனோடு எந்தத் தொடர்பும் தென்படவில்லை என்று முகமையின் தலைவர் ஆன் மில்கிராமே தொலைக்காட்சியில் சொல்ல வேண்டியதாயிற்று.

மிட்டாயால் ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. சின்னக் குழந்தைக்குக் கெட்டி மிட்டாய் தொண்டையில் சிக்கலாம். நிலக்கடலை ஒவ்வாமை உயிரையே பறிக்கலாம். அதற்காகவே சில வீடுகள் நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணியை வாசலில் வைத்து, தின்பண்டம் அல்லாத சிறு பரிசுகளும் இங்கே உண்டு என்று தெரிவிக்கின்றன.

அந்நியர் வாசல்

அடுத்த பயம் பாலியல் குற்றவாளிகள் பற்றியது. மிசௌரி மாநிலம் 2008இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: பதிவான குற்றவாளிகள் அன்று மாலை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், இங்கே மிட்டாய் இல்லை என்று வாசலில் பலகை வைக்க வேண்டும். 2009இல் வெளியான ஓர் ஆய்வு 1997 முதல் 2005 வரை குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்கள் குழந்தைகள் மீது செய்த 67,045 பாலியல் குற்றங்களை எடுத்துப் பார்த்தது. ஹாலோவீனை ஒட்டி எந்த உயர்வும் இல்லை. அன்றிரவு காவலர்களை அந்த வாசல்களில் நிறுத்தினால், அவர்கள் சாலைச் சந்திப்புகளில் இருக்க மாட்டார்கள்.

உயிர் போன இடங்கள்

1. சாலை. மருத்துவ இதழான ஜாமா பீடியாட்ரிக்ஸில் வந்த ஆய்வு, 1975 முதல் 2016 வரையான 42 ஹாலோவீன் மாலைகளை, ஒரு வாரம் முந்தின, ஒரு வாரம் பிந்தின மாலைகளோடு ஒப்பிட்டது. அமெரிக்கச் சாலைகளில் நடந்துசெல்வோர் வாகனம் மோதி இறக்கும் வாய்ப்பு அன்று 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து மடங்கு. மாலை 6 மணியை ஒட்டி உச்சம். இருட்டு விழும் நேரம், கருப்பு உடை, பார்வையை மறைக்கும் முகமூடி, வீட்டுக்கு வீடு குறுக்கே ஓடும் ஆர்வம், வேலை முடிந்து திரும்பும் வண்டிகள். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

2. நெருப்பு. பூசணிக்குள் எரியும் மெழுகுவர்த்தி, தரையில் புரளும் செயற்கை இழை உடை. பிரிட்டனில் வேட உடைகள் சட்டப்படி பொம்மை வகையில் சேர்க்கப்பட்டிருந்தன. பிள்ளைகளின் இரவு உடைக்கு இருந்த கடுமையான தீத்தடுப்பு விதி அவற்றுக்கு இல்லை. 2014இல் ஒரு சிறுமி கடுமையாகத் தீக்காயம் அடைந்த பிறகுதான் அது பெரிய விவாதமானது.

3. துப்பாக்கி. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், ஹாலோவீன் விருந்துக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவர் தவறான வீட்டு மணியை அடித்தார். வீட்டுக்காரர் 'அசையாதே' என்று ஆங்கிலத்தில் கத்தினார். மாணவர் புரியாமல் முன்னே வந்தார், சுடப்பட்டு இறந்தார். சுட்டவரை ஜூரி விடுவித்தது. அங்கே பயந்தவர் வீட்டுக்காரர். ஆபத்து வந்தது வாசலில் நின்றவருக்கு.

இத்தேவோன், 2022

தென்கொரியத் தலைநகர் சியோலின் இத்தேவோன் பகுதியில் அக்டோபர் 29 சனிக்கிழமை இரவு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். கொரோனா கட்டுப்பாடுகள் விலகிய பிறகு வந்த முதல் ஹாலோவீன் வாரம். ஒரு ஓட்டலை ஒட்டிய சந்து. சரிவானது, ஏறக்குறைய 40 மீட்டர் நீளம், குறுகிய இடத்தில் 3.2 மீட்டர் அகலம். மேலிருந்தும் கீழிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

கூட்ட நெரிசல் எப்படிக் கொல்கிறது என்பதை இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 6, 7 பேருக்கு மேல் நிற்கும்போது தனி மனிதர் தன் விருப்பப்படி நகர முடியாது. கூட்டம் தண்ணீரைப் போல் அலையடிக்கும். ஓரிடத்தில் சிலர் சாய்ந்தால் பின்னால் உள்ளவர்கள் மேலே விழுவார்கள். மிதிபட்டு இறப்பவர்களைவிட, நின்ற நிலையிலேயே மார்பு அழுந்தி மூச்சை இழுக்க முடியாமல் இறப்பவர்கள் அதிகம். யாரும் யாரையும் தள்ளியிருக்க வேண்டியதில்லை.

முதல் அவசர அழைப்பு மாலை 6:34க்கு. நசுங்கிச் செத்துவிடுவோம் போலிருக்கிறது என்று பேசியவர் தெளிவாகச் சொன்னார். விபத்து நடந்தது இரவு 10:15 வாக்கில். அதற்கு முன் 11 அழைப்புகள் வந்திருந்தன. அந்தப் பகுதிக்கு ஒதுக்கப்பட்ட காவலர்கள் 137 பேர்; அவர்களிலும் பலருக்குக் கொடுத்திருந்த வேலை போதைப்பொருள் போன்ற குற்றங்களைக் கண்காணிப்பது. இறந்தோர் எண்ணிக்கை 159. பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். வெளிநாட்டவர் 26 பேர், அவர்களில் ஒருவர் இலங்கையிலிருந்து வேலைக்குப் போனவர்.

அதன் பிறகு நடந்த விவாதத்தில் ஒரு பகுதி என்னைக் கோபப்படுத்துகிறது. அந்நிய நாட்டுப் பேய்ப் பண்டிகைக்கு ஏன் போனார்கள் என்று இறந்தவர்களையே குறைசொன்ன குரல்கள். அந்தச் சந்தில் பௌர்ணமி விழா நடந்திருந்தாலும், கால்பந்து வெற்றிக் கொண்டாட்டம் நடந்திருந்தாலும், அதே அகலத்தில் அதே கூட்டம் இருந்தால் அதே மரணங்கள்தான். விழாவின் பொருளைப் பற்றிய வாதம், 6:34 அழைப்புக்குப் பிறகும் ஏன் யாரும் அந்தச் சந்தின் வழியை மூடவில்லை என்ற கேள்வியை மறைத்துக்கொண்டு நின்றது. 2024இல் அப்பகுதிக் காவல் தலைவருக்கு அலட்சியக் குற்றத்துக்காக 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மாவட்டத் தலைவர் அந்தக் கட்டத்தில் விடுவிக்கப்பட்டார்.

சரியான இடத்தைப் பார்த்தபோது

டெட்ராய்ட்டில் ஹாலோவீனுக்கு முந்தின இரவைச் 'சாத்தான் இரவு' என்றே அழைத்தார்கள். 1984இல் அந்தச் சில நாட்களில் 800க்கு மேற்பட்ட தீவைப்புகள் நடந்தன. பெயரில்தான் சாத்தான், எரிந்தவை பெரும்பாலும் பராமரிப்பில்லாத காலி வீடுகள். 1990களின் நடுவிலிருந்து நகரமே 'தேவதைகள் இரவு' என்று பெயர் மாற்றி, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களைத் தெருக்களில் ரோந்து விட்டது. தீவைப்புகள் ஆண்டுக்காண்டு குறைந்து, 2017க்குப் பிறகு அந்த ஏற்பாடே தேவைப்படாமல் போனது.

அமெரிக்கா 2005இல் இயற்றிய சட்டத்தால், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைக்கும் கோடைகால நேரம் 2007 முதல் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு வரை நீண்டது. ஹாலோவீன் மாலைக்குக் கடிகாரப்படி ஒரு மணி நேரம் கூடுதல் வெளிச்சம் கிடைத்தது. சில தேவாலயங்கள் நடத்தும் 'ட்ரங்க் ஆர் ட்ரீட்' இன்னொரு வழி. வாகன நிறுத்துமிடத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து மிட்டாய் கொடுப்பார்கள். மதக் காரணத்துக்காகவும் விஷ மிட்டாய்ப் பயத்தாலும் பரவிய வழக்கம்தான். ஆனால் அங்கே வண்டி ஓடாது, பிள்ளைகள் சாலையைக் கடக்க வேண்டியதில்லை.

டோக்கியோவின் ஷிபுயாவில் 2019 முதல் ஹாலோவீன் இரவுகளில் தெருவில் மது அருந்தத் தடை. 2023இல் மேயர் கென் ஹசேபே, ஹாலோவீனுக்காக ஷிபுயாவுக்கு வராதீர்கள் என்று இத்தேவோனைச் சுட்டிக்காட்டியே கேட்டுக்கொண்டார். தென்கொரியாவில் மாறியது ஒரு வரையறை. இத்தேவோன் கூட்டத்துக்கு அமைப்பாளர் என்று யாரும் இல்லை. அதனால் பாதுகாப்புத் திட்டம் வகுக்கும் பொறுப்பும் சட்டப்படி யாருக்கும் இல்லாமல் இருந்தது. அமைப்பாளர் இல்லாத கூட்டங்களுக்கும் உள்ளாட்சியே பொறுப்பு என்று பேரிடர் சட்டம் பிறகு திருத்தப்பட்டது.